மட்டக்களப்பில் வீடு தேடி வரும் பராமரிப்புச் சேவை: ஈராண்டுப் பாவனைக்குப் பின் என் மதிப்பீடு

2022 ஜூன் மாதம், எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடந்த நாட்களில், என் தாயாருக்குப் பாரிசவாதம் ஏற்பட்டு இடது பக்கம் செயலிழந்தது. அவருக்கு இப்போது 81 வயது. முதல் ஒரு வருடம் திருக்கோவிலில் தங்கையின் வீட்டிலும், 2023 ஓகஸ்ட் தொடக்கம் ஆரையம்பதியில் என் வீட்டிலுமாக அவரைப் பராமரித்து வருகிறோம். இந்தக் காலத்தில் இரண்டு இலாப நோக்கற்ற நிறுவனங்களின் வீட்டுப் பராமரிப்புச் சேவை எங்களுக்குக் கிடைத்தது. நான் இங்கே மதிப்பிட முற்படுவது இரண்டாவது நிறுவனத்தின் சேவையையே என்றாலும், முதலாவதைப் பற்றிச் சொல்லாமல் இரண்டாவதன் அருமையை விளக்க முடியாது. இரண்டின் பெயர்களையும் குறிப்பிடவில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதை ஊகித்துவிடும் அளவுக்கே எங்கள் ஊர்கள் சிறியவை.

முதலில் இந்த இரண்டாவது நிறுவனத்தின் சேவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் முதல் மூன்று மாதங்கள் வாரம் ஒரு தடவையும் அதன் பின்னர் மாதம் இரண்டு தடவையும் வீட்டுக்கு வருகிறார். கை கால்களுக்கான பயிற்சிகளைச் செய்விக்கிறார், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதையும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் வீட்டாருக்குக் கற்பிக்கிறார், படுக்கைப் புண் தலைகாட்டுகிறதா என்று முதுகையும் குதிக்காலையும் பார்க்கிறார், சக்கர நாற்காலியின் நிலையைப் பரிசோதிக்கிறார். தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒரு தடவையும் இப்போது நான்கு மாதங்களுக்கு ஒரு தடவையும் இயன்மருத்துவர் ஒருவர் உடன் வருகிறார். ஒவ்வொரு வருகையும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நீடிக்கும். கட்டணம் என்று எதுவும் இல்லை, இயன்றதைக் கொடுக்கலாம். நாங்கள் ஒரு வருகைக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறோம். இரண்டு வீடு தள்ளியிருக்கும் மாமி ஒருவர் எதுவும் கொடுப்பதில்லை. அவருக்கும் அதே ஒரு மணித்தியாலம்தான், அதே உத்தியோகத்தர்தான். கொடுக்கும் பணத்துக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு கையோடு கிடைக்கிறது, அதன் காபன் பிரதி புத்தகத்தில் நிற்கிறது. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பரிசோதித்தே தலை நரைத்தவன் நான். அந்தக் காபன் பிரதியைக் கண்டதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை.

கூட்டுறவுச் சங்கங்களைப் பரிசோதித்த அந்த வருடங்களில் ஒரு விடயம் எனக்குத் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஒரே யாப்பு, ஒரே சட்டம், ஏறக்குறைய ஒரே மூலதனம் கொண்ட இரண்டு சங்கங்கள் அடுத்தடுத்த ஊர்களில் இயங்கும், ஒன்று தழைக்கும், மற்றது பூட்டுப் போடும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் காசு போதவில்லை, அரசியல் புகுந்துவிட்டது, சனம் சரியில்லை என்று காரணம் சொல்வார்கள். புத்தகங்களைத் திறந்து பார்த்தால் வேறு காரணங்கள் கிடக்கும்: யாருக்கு எதை முடிவு செய்யும் அதிகாரம் இருந்தது, பிழை நேர்ந்தால் அது எழுதப்பட்டதா மறைக்கப்பட்டதா, வேலை தெரிந்தவர்கள் எத்தனை வருடம் தங்கினார்கள் என்பவையே அவை. என் தாயாரின் கட்டிலருகே அமர்ந்து கடந்த மூன்று வருடங்களில் நான் கண்டதும் இதுவேதான்.

திருக்கோவிலில் எங்களுக்குச் சேவை தந்த நிறுவனம் பெரியது. தலைமை அலுவலகம் கொழும்பில், நிதி முழுவதும் வெளிநாட்டிலிருந்து. வந்த வாகனமும், பணியாளர்கள் அணிந்திருந்த மேற்சட்டையும், கையிலிருந்த டெப் எனும் பலகைக் கணினியும் குறை சொல்ல முடியாதவை. ஒரு பாடசாலை மண்டபத்தில் நாற்காலி வழங்கும் நிகழ்வு நடந்தது. விளக்கேற்றி, உரைகள் ஆற்றி, புகைப்படம் எடுத்து, பயனாளிகளை வரிசையாக அமர்த்தி ஒவ்வொருவருக்கும் ஒரே அளவான சக்கர நாற்காலி கொடுத்தார்கள். என் தாயார் மெலிந்த, குள்ளமான பெண். அந்த நாற்காலியில் அவரை அமர்த்தினால் கால்கள் மிதியைத் தொடவில்லை, உடல் இடப்பக்கம் சரிந்தது. தங்கை இரண்டு தலையணைகளை இடுக்கி ஒருவாறு சமாளித்தாள்.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டலில் சக்கர நாற்காலிச் சேவைக்கு எட்டுப் படிகள் சொல்லப்பட்டுள்ளன. நோயாளியை அனுப்பி வைத்தல், நிலையை மதிப்பிடல், பொருத்தமானதைத் தெரிதல், நிதியும் கொள்வனவும், நாற்காலியைத் தயார்செய்தல், உடலுக்குப் பொருத்திப் பார்த்தல், பாவிக்கப் பயிற்றுதல், பின்னர் தொடர்ந்து பராமரித்துத் திருத்திக் கொடுத்தல் என்பன அவை. நாங்கள் பெற்றது நான்காவது படி மட்டும். மற்றவை நடக்காததற்குக் காரணம் பணப் பற்றாக்குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. டொலரில் நிதி பெற்ற நிறுவனங்களின் கையில் ரூபாய் பெருகியிருந்த காலம் அது. ஆனால் அந்த நிறுவனம் தன் நிதி வழங்குநருக்கு அறிக்கையிட வேண்டியிருந்தது எத்தனை நாற்காலிகள் கையளிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை. எது எண்ணப்படுகிறதோ அதுவே செய்யப்பட்டது. பொருத்திப் பார்ப்பதை யாரும் எண்ணவில்லை.

ஐந்தாவது மாதத்தில் நாற்காலியின் முன் சில்லு இறுகியது. கடற்கரை மணலும் உப்புக் காற்றும் பெயாரிங்கைத் தின்றுவிட்டிருந்தன. தங்கை அறிவித்தாள். வந்த உத்தியோகத்தர், மிகவும் பணிவான தம்பி, பார்த்துவிட்டுப் படிவம் ஒன்றை நிரப்பினார். திருத்துவதற்கு மூன்று கடைகளில் கூறுவிலை எடுக்க வேண்டும், அவை அம்பாறை மாவட்ட இணைப்பாளரின் சிபாரிசுடன் கொழும்புக்குப் போக வேண்டும், அங்கே நிதிப் பிரிவு அனுமதிக்க வேண்டும். வேலையின் பெறுமதி 1,800 ரூபாய். சில்லு மீண்டும் உருண்டபோது பதினொரு வாரங்கள் கழிந்திருந்தன. இடையில் அந்தத் தம்பியின் ஒப்பந்தம் முடிந்து வேறொருவர் வந்து, படிவத்தை மீண்டும் புதிதாக நிரப்பியதும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூன்று கூறுவிலை என்ற விதியை வைத்துப் பல சங்கத் தலைவர்களின் வாயைக் கட்டியவன் நான். கொள்வனவில் கை நீளாமல் தடுப்பதற்கு அதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் எங்கள் சுற்றறிக்கைகளில் எப்போதும் ஒரு தொகை எல்லை இருந்தது, அதற்குக் கீழ் முகாமையாளரே முடிவெடுக்கலாம். எல்லை இல்லாத விதி என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நம்பவில்லை என்பதை எழுத்தில் அறிவிப்பதுதான். நம்பப்படாத பணியாளர் மெல்ல மெல்ல நோயாளியைப் பார்ப்பதை விட்டுப் படிவத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பதின்மூன்று மாதங்களில் மூன்று உத்தியோகத்தர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் அதே நாற்பது கேள்விகளை அதே ஒழுங்கில் டெப்பைப் பார்த்துக் கேட்டார்கள். நல்ல கேள்விகள்தாம், ஆனால் பதில்கள் கொழும்புக்குப் போயின, திரும்பி வரவில்லை. மூன்றாவது தடவை, "வீட்டில் மலசலகூடம் உண்டா?" என்று கேட்டபோது அம்மா, "போன மாசமும் இஞ்சதான் மனெ இருந்தது, மறுகா எங்க போகும்?" என்றார். தங்கை சிரித்ததைவிடக் கேள்வி கேட்ட உத்தியோகத்தர்ப் பிள்ளைதான் அதிகம் சிரித்தாள் என்று அறிந்தேன். செயற்திட்டம் முடிந்ததும் ஒரு நன்றிக் கடிதத்துடன் சேவையும் நின்றது.

ஆரையம்பதிக்கு அம்மாவைக் கொண்டுவந்த பிறகு, பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தர் சொல்லித்தான் இரண்டாவது நிறுவனத்தை அறிந்தேன். நகரத்தில் ஒரு பழைய வாடகை வீடு, பதினான்கு பணியாளர்கள், இரண்டு மோட்டார் சைக்கிள், பின்முற்றத்தில் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் திருத்தும் ஒரு கொட்டில். வெளித் தோற்றத்தில் முதலாவதன் கால்தூசிக்குக் காணாது.

முதல் நாள் வந்த பெண் உத்தியோகத்தர் ஒரு சீ.ஆர். கொப்பியை, அதாவது தடித்த அட்டை போட்ட குறிப்பேட்டை, கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் வைத்தார். "இது அம்மாட கொப்பி, ஐயா. நாங்க எழுதுறதை நீங்க வாசிக்கலாம், நீங்களும் எழுதலாம், எங்களுக்கு ஏச வேண்டி வந்தால் கடைசிப் பக்கத்தில எழுதுங்க" என்றார். இந்தக் கொப்பிதான் இந்தச் சேவையின் உயிர்நாடி என்பதை நான் பின்னர் உணர்ந்தேன். ஒவ்வொரு வருகையின் திகதி, செய்வித்த பயிற்சி, அம்மா எத்தனை தடவை தாமாக எழுந்து உட்கார்ந்தார், தோலின் நிலை, வீட்டார் அடுத்த வருகை வரை செய்ய வேண்டியது எல்லாம் அதில் எழுதப்படுகின்றன. உத்தியோகத்தர் சுகவீனமுற்று வேறொருவர் வந்த இரண்டு சந்தர்ப்பங்களிலும், வந்தவர் முதலில் ஐந்து நிமிடம் கொப்பியை வாசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். நாற்பது கேள்விகள் இல்லை. தரவு யாரிடம் இருக்க வேண்டுமோ அவரிடம் இருக்கிறது, அதாவது நோயாளியிடம்.

கடைசிப் பக்கத்தில் நான் ஒரு தடவை எழுதினேன். பத்து மணி என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணிக்கு வந்திருந்தார்கள், அதுவரை அம்மாவைக் குளிப்பாட்டாமல் காத்திருந்தோம். அடுத்த வருகைக்கு முன்பே இணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். மன்னிப்புக் கேட்டதைவிட முக்கியமானது, ஏன் அப்படி நடந்தது என்று விளக்கியது: வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பக்கம் போகும் நாளில் நகர வீடுகளையும் அதே உத்தியோகத்தருக்குக் கொடுத்திருந்த அட்டவணை பிழை. அட்டவணை மாற்றப்பட்டது. அதன் பின்னர் நேரம் தவறினால் முன்கூட்டியே அழைப்பு வருகிறது.

நாற்காலிக்கு வருகிறேன். திருக்கோவிலில் கிடைத்த அதே நாற்காலியையே இயன்மருத்துவர் அம்மாவின் அளவுக்கு மாற்றிக் கொடுத்தார். கொட்டிலில் மிதிகளை உயர்த்தி, முதுகுப் பக்கம் ஒரு பலகையும் இடப்பக்கம் ஒரு அணையும் பொருத்தினார்கள். கடந்த வருடம் மீண்டும் முன் சில்லு இறுகியது. வந்திருந்த உத்தியோகத்தர் குனிந்து பார்த்தார், சில்லைக் கழற்றினார், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்குப் போனார். புதிய பெயாரிங்குடன் முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கடைச் சிட்டையைக் கொப்பியில் ஒட்டி ஒரு பிரதியைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டார். எவரையும் கேட்கவில்லை. பின்னர் விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வெளிக்கள உத்தியோகத்தருக்கும் மாதம் 5,000 ரூபாய் வரை தன் முடிவில் செலவிடும் அதிகாரம் உண்டு, மாத முடிவில் கணக்காளர் சிட்டைகளைச் சரிபார்ப்பார். "ஆரும் பிழையா எடுத்ததில்லையா?" என்று என் பழைய உத்தியோகப் புத்தியில் கேட்டேன். ஒருவர் எடுத்தாராம். சிட்டையும் கொப்பியும் ஒத்துவராததால் இரண்டாம் மாதமே பிடிபட்டதாம். அவர் போய்விட்டார், அதிகாரம் மற்றவர்களிடமிருந்து பறிக்கப்படவில்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குகின்றன. ஒருவர் திருடினால் எல்லோருக்கும் கைவிலங்கு பூட்டுவதே வழக்கம்.

ஒரு திங்கட்கிழமை காலை, கொடுத்த பணத்துக்குரிய பற்றுச்சீட்டில் அம்மாவின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்ததைத் திருத்தப் போயிருந்தேன். கணக்காளர் வரும்வரை விறாந்தையில் இருக்கச் சொன்னார்கள். உள்ளே கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் வட்டமாக அமர்ந்திருந்தார்கள், கதவு திறந்தே இருந்தது. அவர்களிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. அதைத் தவறுப் புத்தகம் என்றே அழைக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களேயான ஒரு பெண் எழுந்து, தான் ஒரு வீட்டில் நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டதாகவும், இரவு படித்துப் பார்த்தபோதுதான் அது தோள் மூட்டை விலக்கிவிடும் என்று தெரிந்ததாகவும் சொன்னார். குரல் நடுங்கியது. வயதில் மூத்த உத்தியோகத்தர் ஒருவர் எதுவும் பேசாமல் எழுந்து வந்து பாயில் படுத்து, "என்னைத் தூக்கு மகள்" என்றார். அந்தப் பெண் தோள்பட்டைக்குக் கீழ் முதுகைத் தாங்கி, இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். இரண்டாம் தடவை சரியாக வந்தது. பணிப்பாளர் கேட்டது ஒரே கேள்வி: "வேற எத்தனை வீட்டில இப்பிடிக் காட்டினீங்க?" நான்கு வீடுகள். அன்றைய பயணத் திட்டத்தில் அந்த நான்கு வீடுகளும் சேர்க்கப்பட்டன.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ சங்கங்களின் கூட்ட அறிக்கைகளை வாசித்திருக்கிறேன். "சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரி எல்லாவற்றிலும் இருக்கும், தவறு என்ற சொல் எதிலும் இருக்காது. நிறுவனங்களின் வெற்றிக்கு அவற்றின் உள்ளே உள்ள வளங்களே காரணம் என்ற கருத்தை 1991 இல் ஜே பார்னி என்ற அமெரிக்க முகாமைத்துவ அறிஞர் விரித்தெழுதினார். அந்த வளம் பெறுமதி உடையதாகவும், அரிதானதாகவும், பிறர் எளிதில் பின்பற்ற முடியாததாகவும், வேறொன்றால் ஈடுசெய்ய முடியாததாகவும் இருக்க வேண்டும் என்பது அவரது வாதம். அவர் எழுதியது இலாபம் தேடும் கம்பனிகளை மனத்தில் வைத்து. அந்தத் திங்கட்கிழமைப் பாயில் நான் கண்டது அவர் சொன்ன நான்கையும் கொண்டிருந்தது. வாகனத்தை எவரும் வாங்கலாம், டெப்பையும் வாங்கலாம். ஒரு இளம்பெண் தன் பிழையை வாய்விட்டுச் சொல்லியும் வேலையை இழக்காத ஒரு அறையை எந்த நிதி வழங்குநரும் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது.

கடையில் பொருள் சரியில்லையென்றால் நாம் அடுத்த கடைக்குப் போகிறோம், கடைக்காரருக்கு அது அன்றே உறைக்கிறது. இலாப நோக்கற்ற சேவையில் காசு கொடுப்பவர் ஒருவர், சேவை பெறுபவர் வேறொருவர். கொடுப்பவர் லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கிறார், பெறுபவர் கட்டிலில் கிடக்கிறார். சேவை மோசமானால் கட்டிலில் கிடப்பவருக்கு மட்டுமே தெரியும், அவருக்கோ குறை சொல்லும் துணிவில்லை, கிடைப்பதும் நின்றுவிடுமோ என்ற பயம். ஆகவே சந்தை செய்யும் வேலையை நிறுவனத்தின் உள்ளமைப்பே செய்ய வேண்டியிருக்கிறது. கொப்பியின் கடைசிப் பக்கமும் தவறுப் புத்தகமும் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

பணியாளர்கள் ஏன் தங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பதினான்கு பேரில் பெரும்பாலானோர் ஏழு வருடங்களுக்கு மேலாக அங்கே இருக்கிறார்கள். சம்பளம் மற்ற இடங்களைவிட அதிகமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் என்ன நடந்ததென்று அந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கல்லடியிலிருந்து பொத்துவில் வரை பெயர்ப் பலகை இல்லாத ஒழுங்கை இருக்கவில்லை. ஆங்கிலமும் கணினியும் தெரிந்த உள்ளூர் அமைப்புகளின் ஆட்கள் ஒவ்வொருவராகப் பெரிய நிறுவனங்களுக்குப் போனார்கள், பல சிறிய அமைப்புகள் உள்ளீடற்றுப் போயின. உதவி நிறுவனங்களே கூட்டாக நடத்தி 2006 இல் வெளியிட்ட மதிப்பீடும் உள்ளூர் அமைப்புகளிலிருந்து பணியாளர்கள் இவ்வாறு இழுக்கப்பட்டதைக் குறைகளில் ஒன்றாகச் சொன்னது. என் வட்டாரத்திலும் கணக்கு எழுதத் தெரிந்த இரண்டு செயலாளர்களை ஒரே மாதத்தில் இழந்த சங்கம் ஒன்று இருந்தது.

இந்த நிறுவனம் அதிலிருந்து ஒரு பாடம் படித்திருக்கிறது போலும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நோயாளிகளின் குடும்பங்களையும் அழைக்கிறார்கள், ஆண்டுக் கணக்கறிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். எனக்கு அது திருவிழா மாதிரி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நின்று வாசித்தேன். செயற்திட்ட நிதி, திருத்தும் கொட்டிலின் வருமானம், கூடத்தை வாடகைக்கு விடுவதால் வருவது, வெளிநாட்டிலுள்ள எம்மவரின் நன்கொடை, எங்களைப் போன்றோர் கொடுப்பது என வருமானம் ஐந்து வழிகளில் வருகிறது. ஆறு மாதச் சம்பளத்துக்குரிய தொகை தனி வைப்பில் இருக்கிறது. எனவே ஒரு செயற்திட்டம் முடிந்தாலும் உத்தியோகத்தரின் ஒப்பந்தம் அதோடு முடிவதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது நாடெங்கும் பல அமைப்புகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. இவர்களும் ஒரு செயற்திட்டத்தை இழந்தார்கள். இயன்மருத்துவரின் வருகை மூன்று மாதத்துக்கு ஒன்றென்பது நான்கு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது, அதைக் கடிதத்தில் அறிவித்தார்கள். மாதம் இரு தடவை வருவது நிற்கவில்லை.

லண்டனிலுள்ள என் மச்சான் இவர்களுக்குப் பணம் அனுப்ப விரும்பி, "நிர்வாகச் செலவு எத்தனை வீதம்?" என்று முதலில் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் எல்லாக் கொடையாளரும் கேட்கும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன்: தவறுப் புத்தகத்தை எழுதும் இரண்டு மணித்தியாலம் நிர்வாகமா சேவையா? மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல்? சிட்டைகளைச் சரிபார்க்கும் கணக்காளர்? கொடையாளர் நிர்வாகச் செலவைக் குறைக்கச் சொல்லச் சொல்ல, நிறுவனங்கள் பயிற்சியையும் கணக்கையும் வெட்டிக் குறைந்த வீதத்தைக் காட்டுகின்றன. அந்தப் பொய்க் குறைவைப் பார்த்துக் கொடையாளர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். 2009 இல் அமெரிக்காவில் இதற்குப் பட்டினிச் சுழற்சி என்று பெயர் வைத்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். மச்சான் இப்போது பணம் அனுப்புகிறார், கேள்வியையும் விடவில்லை.

பணியாளர் சேர்க்கையில் இவர்கள் காட்டும் கவனமும் சேவையில் தெரிகிறது. எங்கள் கரையோரத்தில் ஊர்கள் மாலையில் கோத்த மணிகளைப் போல மாறி மாறி வருகின்றன. ஆரையம்பதிக்கு அடுத்தது காத்தான்குடி, தெற்கே போனால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். மொழி ஒன்று, வீட்டு வழமைகள் வேறு. உடலைத் தொட்டுச் செய்யும் சேவை இது, பெண் நோயாளியின் அறைக்குள் யார் போகலாம் என்பது சிறிய விடயமல்ல. இவர்களிடம் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டிலிருந்தும் பெண் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இருவர் இருவராகவும் சேர்ந்து போகிறார்கள். நிதி வழங்குநரிடம் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டவர்களாக எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் பணிப்பாளருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவரே காத்தான்குடிப் பக்கத்தவர்.

2024 நவம்பர் வெள்ளத்தின்போது, தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்குள் வரும் முன்பே அழைப்பு வந்தது. கட்டிலின் கால்களுக்குக் கீழ் கல் வைக்கவும், இரண்டு வார மருந்தைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வைக்கவும் சொன்னார்கள். வாவியோரத்தில் தாழ்வான இடங்களில் யார் யார் வீடு இருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு உத்தியோகத்தரின் சட்டைப் பையிலும் இருந்ததால், மின்சாரம் போன பின்னரும் அவர்கள் யாரையும் கேட்காமல் வேலை செய்ய முடிந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. முதலாவது, எல்லாக் கடிதங்களிலும் பணிப்பாளரே கையொப்பமிட வேண்டும். நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே, வயது எழுபதை நெருங்குகிறது. கடந்த வருடம் அவர் டெங்குக் காய்ச்சலால் மூன்று வாரம் படுத்தபோது, அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருந்த காற்று மெத்தைக்கான கட்டளை அந்த மூன்று வாரமும் மேசையில் கிடந்தது. அம்மாவின் இடுப்பில் தோல் சிவந்ததும் அப்போதுதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் புரட்டித்தான் புண்ணாகாமல் காப்பாற்றினோம், அந்த வாரங்களில் என் மனைவி சரியாகத் தூங்கவில்லை. வெளிக்கள உத்தியோகத்தருக்கு 5,000 ரூபாயை நம்பிக் கொடுத்த ஒருவர், தன் பேனையை மட்டும் யாரிடமும் கொடுக்காதது விளங்கவில்லை. தொடங்கியவரின் கைப்பிடி இறுகியிருப்பதால் அவருக்குப் பின் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பொதுக்கூட்டத்தில் நானே கேட்டேன். யாப்பில் திருத்தம் வரும் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்பேன். இரண்டாவது, நாலு மணிக்குப் பிறகு தொலைபேசியை எடுக்க ஆளில்லை, வார இறுதியிலும் இல்லை. நோய்க்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மூன்றாவது, எல்லாம் கொப்பியிலேயே இருப்பதால் நூறு நோயாளிகளின் நிலையைச் சேர்த்துப் பார்க்க அவர்களிடம் வழியில்லை. எத்தனை பேருக்குக் கடந்த வருடம் படுக்கைப் புண் வந்தது என்று கேட்டால் ஒரு வாரம் அவகாசம் கேட்கிறார்கள். முதலாவது நிறுவனத்தின் டெப்பை இவர்களுடைய கொப்பியோடு சேர்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்ததுண்டு.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கையொப்பப் பிரச்சினை தீர்ந்தால் மீதி ஒன்றில் அரையை யோசிக்கலாம், ஞாயிற்றுக்கிழமைக்கான மற்ற அரையை அல்ல. இத்தகைய சேவையொன்றில் பதிவு செய்ய நினைப்போர் கட்டிடத்தையும் வாகனத்தையும் பார்க்காமல், இப்போது வரும் உத்தியோகத்தர் எத்தனை வருடமாக வேலை செய்கிறார், நாற்காலியின் சில்லு உடைந்தால் யாரிடம் கேட்டுத் திருத்துவார், நாங்கள் எழுதும் குறையை யார் வாசிப்பார் என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால், ஊரில் அவர்களிடம் சேவை பெறும் இரண்டு வீடுகளில் விசாரித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அம்மாவின் கொப்பி இப்போது மூன்றாவது. கடந்த வாரம் எழுதப்பட்டது: "இடது கையால் தேநீர்க் கோப்பையின் பிடியைப் பற்றினார், தூக்கவில்லை. பயிற்சி தொடரவும். முன் சில்லுக்கு மேலதிகப் பெயாரிங் ஒரு சோடி வீட்டில் கொடுக்கப்பட்டது."